செஞ்சி மலையின் இரு குடிகள்

திண்டிவனத்தில் பஸ் ஏறித் திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் போனால், யாரோ ஓர் அரக்கன் கூடை கூடையாகப் பாறைகளை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனது போன்ற குன்றுகள் கண்ணில் படும். விழுப்புரத்திலிருந்து வடக்கு முகமாக வருகிறவர்களுக்கும் அதே காட்சிதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதில்களால் ஒன்றாகப் பிணைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோட்டைக்கு எஜமானர்கள் பலர். நாயக்கர்கள் ஆண்டார்கள், பீஜப்பூர் சேனை வந்தது, 1677-ஆம் வருஷத்தில் சத்ரபதி சிவாஜி மகாராஜா கைப்பற்றினார், நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-ல் மொகலாயர் வசமாயிற்று, 1714-ல் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் வீழ்ந்தான், 1750-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கடைசியில், 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

எஜமானர்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தார்கள். குடிகள் மாறவில்லை. யாருக்கும் வரி கொடுக்காமல், எந்தக் கொடிக்கும் தலை வணங்காமல், இந்தப் பாறைகளையே தாய்வீடாகக் கொண்டு வாழும் இரு குடிகளைப் பற்றியே இங்கே சொல்ல வந்தோம். ஒன்று, கோட்டைக்குப் போகிறவர் எல்லோரும் பார்த்துவிட்டு வருவது. மற்றொன்று, நூறு பேர் போனால் ஒருவர்கூடப் பார்க்காமல் திரும்புவது. முதலாவது குல்லாய்க் குரங்கு. இரண்டாவது மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் சிறு பறவை.

இவ்விரண்டில் எதன் வாழ்வு அபாயத்தில் இருக்கிறது என்று கேட்டால், "கண்ணில் படாத பறவைக்குத்தான் அபாயம், குரங்குக்கு என்ன குறை?" என்றே நம்மில் பெரும்பாலோர் பதில் சொல்லுவோம். அந்தப் பதிலில் பாதிதான் சரி. மற்றப் பாதி எப்படித் தவறு என்பதை அறிய, இரு குடிகளையும் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

குல்லாய் போட்டவர்

கோட்டை வாசலில் டிக்கட் கொடுக்கிறவர் நம்மைப் பார்ப்பதற்கு முன்பே, மதில்மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம் கைப்பையைப் பார்த்துவிடுகிறார். அவர் தலையில் ஒரு குல்லாய் இருக்கிறது. காந்திக் குல்லாய் அல்ல, பிறவிக் குல்லாய். உச்சந்தலையில் ஒரு சுழி. அந்தச் சுழியிலிருந்து மயிர் நாற்புறமும் கதிர்போல் விரிந்து படிந்திருக்கும். 1812-ஆம் வருஷத்தில் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டிய ஜெப்ராய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கதிர் விரிந்தது என்ற பொருளிலேயே பெயர் வைத்தார். நம் முன்னோர் அதற்கு வெகு காலம் முன்பே ஆணைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் பிரித்து அழைத்திருக்கிறார்கள்.

பழுப்பும் சாம்பலும் கலந்த மேனி, மயிரற்ற முகம், உடலின் நீளத்துக்குக் குறையாத வால் ஆகியவை இதன் அடையாளங்கள். இது தனியே வாழும் பிராணி அல்ல. இருபது முப்பது சேர்ந்த கூட்டமாகவே வாழும். சில கூட்டங்கள் அதைவிடப் பெரியவை. இந்தக் குடும்பத்தின் ஏற்பாடு நம் வழக்கத்துக்கு நேர்மாறு. பெண் பிறந்த வீட்டிலேயே ஆயுள் முழுவதும் இருந்துவிடுகிறது. இடம் பெயர்ந்து வேறு கூட்டம் தேடிப் போவது ஆண்தான். தாய்க்குக் கூட்டத்தில் என்ன அந்தஸ்தோ அதையொட்டியே மகளுக்கும் அந்தஸ்து கிடைக்கிறது. கருவில் ஐந்தரை மாதம் இருந்து ஒரே குட்டி பிறக்கும். மாசி, பங்குனி மாதங்களில் மந்திகளின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு குட்டிகள் தொங்குவதைச் சாதாரணமாகக் காணலாம்.

மணிக்கணக்காக ஒன்றுக்கொன்று மயிரைக் கோதி விட்டுக்கொண்டிருக்கிறதே, அதைப் பேன் பார்ப்பது என்கிறோம். அது வெறும் சுத்தம் செய்யும் காரியம் அல்ல; உறவை உறுதிப்படுத்தும் காரியம். குரங்கினங்கள் பலவற்றில் வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று அருகில் சேர்ப்பதில்லை. குல்லாய்க் குரங்கிலோ, கடுவனும் கடுவனும் சேர்ந்து உட்கார்ந்து கோதிக்கொள்வது உண்டு. இவ்விஷயத்தில் இது சமாதானப் பிரியமுள்ள ஜாதி என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். நம் வாழைப்பழத்தின் விஷயத்தில் அந்தச் சமாதானப் பிரியம் செல்லுபடியாகாது என்பது வேறு கதை.

மறைந்திருப்பவர்

இனி இரண்டாவது குடி. இதைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட வேண்டும். கூட்டம் போகும் படிக்கட்டிலிருந்து சற்று விலகி, உருண்டைப் பாறைகளின் இடுக்குகளில் காரையும் சூரையும் பூலாவும் பின்னிக் கிடக்கும் சரிவின் அருகே, வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார வேண்டும். நம்மவர்களுக்குக் கடினமான நிபந்தனை இந்த இரண்டாவதுதான்!

உட்கார்ந்தால், முதலில் சப்தம் வரும். இது பாடும் பறவைகளின் வகுப்பைச் சேர்ந்ததே ஆனாலும், குயிலைப் போலக் கச்சேரி செய்வதில்லை. சுருக்கமாக, விரைவாக, கொஞ்சம் உரத்த குரலில் சில ஸ்வரங்களை உதிர்த்துவிட்டு மௌனமாகிவிடும். குரல் வந்த புதரை நாம் பார்ப்பதற்குள் பறவை அடுத்த புதருக்குப் போயிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கணம் பாறை விளிம்பில் வந்து அமரும். சாம்பல் நிற உடல், பசுமஞ்சள் தலை, பளீரென்ற மஞ்சள் தொண்டை, வாலின் அடியிலும் மஞ்சள், வால் நுனியில் வெளிறிய கரை. கொண்டை கிடையாது. அவ்வளவையும் பார்த்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் கொண்டைக்குருவியின் ஒன்றுவிட்ட சகோதரன் இது. கொண்டைக்குருவிக்குக் கறுத்த தலை, வாலடியில் சிவப்பு. அது வீட்டுக் கொடியில் கூடு கட்டும்; மின்விசிறிக்கு மேலேகூடக் கட்டப் பார்க்கும். மலைச் சகோதரனோ மனிதர் வாசனையே ஆகாதவன். பாறைக்குன்றும் அதன்மேல் புதர்க்காடும் சேர்ந்திருக்கும் இடம் தவிர வேறிடத்தில் இது குடியிருப்பதில்லை. சமவெளிக்கு இறங்கி வயல் வரப்பில் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. செஞ்சி, திருவண்ணாமலை வட்டாரத்துக் குன்றுகள், சேர்வராயன் மலை, ஆந்திர தேசத்தில் ஹார்ஸ்லி மலை, மைசூர்ப் பக்கத்தில் நந்தி மலை என்று கடலில் தீவுகள் போல இதன் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் இருக்கும் சமவெளிதான் அதற்குக் கடல்.

மதராஸ் ராணுவத்தில் வைத்தியராக இருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1845-ஆம் வருஷத்தில் இதை முதன்முதலாக விவரித்துச் சாஸ்திரப் பெயர் கொடுத்தார். பெயரின் பொருள் மஞ்சள் தொண்டை என்பதே. நம் மலையில், நம் கண்ணெதிரே, நம் புதரில் இருந்த பறவையை உலகுக்கு எழுதிக் காட்ட ஒரு வெளிநாட்டார் வர வேண்டியிருந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல இடமில்லை. நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய நூற்றெண்பது வருஷங்கள் ஆகியும், அந்த மலையடிவாரத்தில் வசிக்கும் நம் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? இந்தக் கேள்விக்கு ஜெர்டன் பொறுப்பாளி அல்ல.

சுதேசிகள் இருவர்

இத்தனை வேற்றுமைகளுக்கு நடுவில் இரண்டுக்கும் ஒரு முக்கியமான ஒற்றுமை உண்டு. இரண்டும் அசல் சுதேசிகள். குல்லாய்க் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மேற்கே தபதி நதிக்குத் தெற்கிலும், கிழக்கே கிருஷ்ணா, கோதாவரிப் பிரதேசத்துக்குத் தெற்கிலும் உள்ள நாடே அதன் நாடு. மஞ்சள் தொண்டைச் சின்னானின் தேசம் அதனினும் குறுகியது. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு, கேரளத்தின் கிழக்கு ஓரம், அவ்வளவே. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால்கூட இவை கிடையா. அங்கே குல்லாய்க் குரங்கின் சகோதர இனம் ஒன்றும், மலைநாட்டில் மஞ்சள் காதுச் சின்னான் என்ற வேறொரு பறவையும் உண்டு. உறவுதான், ஆனால் இவையே அல்ல.

ஆகையால், சிங்கமும் மயிலும் எவ்வளவு நம்முடையவையோ அவ்வளவு இவையும் நம்முடையவை. இன்னும் சொல்லப்போனால் இவை அதிகம் நம்முடையவை. சிங்கம் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. மயில் இலங்கையிலும் அகவுகிறது. தென்னிந்தியர்களாகிய நாம் இந்த இரண்டையும் காப்பாற்றாவிட்டால், நமக்குப் பதிலாகக் காப்பாற்ற வேறு தேசத்தார் யாரும் இல்லை.

காட்டை விதைக்கும் உழவர்கள்

இரண்டாவது ஒற்றுமை சாப்பாட்டில் இருக்கிறது. குரங்கும் பழம் தின்னும். சின்னானும் பழம் தின்னும். இரண்டும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். ஆனால் பழம் தின்னும் முறை வேறு. அந்த வேற்றுமையில்தான் மலையின் பசுமை அடங்கியிருக்கிறது.

சின்னானின் வாய் சிறியது. கல்லிச்சிப் பழம், பூலாப் பழம் போன்ற சிறு கனிகளை அது முழுசாக விழுங்கும். சதை வயிற்றில் செரித்துவிடும். விதை கெடாமல் சிறிது நேரத்துக்குள்ளேயே எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதற்குள் பறவை பத்துப் புதர் தாண்டியிருக்கும். பாறையின் வெடிப்பில், மனிதன் கை நுழையாத இடுக்கில், எரு வைத்து நட்டதுபோல் ஒரு விதை விழுகிறது. பாறைமேல் இச்சி மரம் எப்படி முளைத்தது என்று நாம் அண்ணாந்து பார்த்து வியக்கிறோமே, பெரும்பாலும் இப்படித்தான்.

குரங்கு செய்வது வேறு. கன்னத்தின் உட்புறத்தில் அதற்கு இரண்டு பைகள் உண்டு. மரத்தில் இருக்கும்போது அவசர அவசரமாகப் பழங்களைப் பறித்து அந்தப் பைகளில் திணித்துக்கொள்ளும். பிறகு பத்திரமான ஓரிடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, சதையைத் தின்று, பெரிய கொட்டையைத் துப்பிவிடும். சின்னானின் வாய்க்குள் புகாத நாவல் போன்ற பெரிய கனிகளும் குரங்குக்கு ஒரு பொருட்டல்ல. பறவை பெருக்க முடியாத மரத்தைக் குரங்கு பெருக்குகிறது. குரங்கு எட்டாத வெடிப்பில் பறவை விதைக்கிறது. ஒருவர் புஞ்சை உழவர், ஒருவர் நஞ்சை உழவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தஞ்சாவூர் மிராசுதாருக்குக்கூட இவ்வளவு நம்பகமான பண்ணையாட்கள் கிடைக்கமாட்டார்கள். கூலி கிடையாது, விதை நெல் கேட்பதில்லை, விளைச்சலில் கொஞ்சம் தின்றுவிட்டு, மிச்சத்தை மறுபடி விதைத்துவிடுகிறார்கள்.

புளியங்காட்டு ஊர்

திண்டிவனம் என்ற பெயருக்கே காடு என்று பொருள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்று பெயர்க் காரணம் சொல்லுவார்கள். ஊரில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். பழைய காலத்தில் வனமாக இருந்தது பிற்காலத்தில் சாலையாயிற்று. சாலையான பிறகும் புளி போகவில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருவழியில் இருபுறமும் புளியமரங்கள் கிளை கோத்துப் பந்தல் போட்டிருந்ததை நடுவயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்லி நிழல் மரங்களைப் போற்றிய நாடு அல்லவா இது!

அந்த மரங்கள் வழிப்போக்கனுக்கு நிழல், குடியானவனுக்குப் புளி, குரங்குக்கோ வீடு. காடு குறுகிய பிறகும் குல்லாய்க் குரங்கு பிழைத்துக்கொண்டதற்கு முக்கிய காரணம் சாலையோரத்து ஆலும் புளியும்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெருவழி நான்கு தடமாக அகலமாயிற்று. மோட்டார்கள் வேகமாகப் போகின்றன, சந்தேகமில்லை. ஆனால் பந்தல் போய்விட்டது. பந்தலோடு பந்தலில் குடியிருந்தவர்களும் வெளியேறினார்கள். எங்கே போவார்கள்? ஊருக்குள் வந்தார்கள், கோயில் மதிலுக்கு வந்தார்கள், கோட்டை வாசலுக்கு வந்தார்கள்.

இது வெறும் ஊகமல்ல. மைசூர்ப் பிரதேசத்துச் சாலைகளில் பல வருஷங்களாகக் குரங்குக் கூட்டங்களை எண்ணிவந்த ஆராய்ச்சியாளர்கள் 2011-ஆம் வருஷத்தில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். சாலையோரத்துக் குல்லாய்க் குரங்குகளின் தொகை மிகவும் சரிந்துவிட்டது என்றும், மரங்கள் வெட்டப்பட்டதும் கூட்டங்கள் பிடித்து அகற்றப்பட்டதும் அதற்குக் காரணங்கள் என்றும் சொன்னார்கள். அதே வருஷத்தில் வெளியான வேறோர் ஆராய்ச்சி இன்னொரு செய்தியையும் சொல்லிற்று. வட இந்தியாவில் வசிக்கும் செம்முகக் குரங்கு கோதாவரியைத் தாண்டித் தெற்கே வந்துகொண்டிருக்கிறது. அது வந்த இடத்தில் குல்லாய்க் குரங்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. ஆக, மேலேயிருந்து ஒரு நெருக்கடி, கீழே காலடியில் ஒரு நெருக்கடி.

ஒரே பட்டியலில் இருவர்

உலகத்தின் பிராணிகளில் எவை எவை அபாய நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் சர்வதேசச் சங்கம் ஒன்று உண்டு. அது வெளியிடுவதைச் சிவப்புப் பட்டியல் என்பார்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் அந்தப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக் கூடிய இனம் என்ற வரிசையில் நெடுநாளாகவே இருக்கிறது. குல்லாய்க் குரங்கு 2008-ஆம் வருஷத்தில் "கவலைக்கு இடமில்லை" என்ற வரிசையில் இருந்தது. 2020-ஆம் வருஷத்தில் அதையும் எடுத்துச் சின்னானுக்குப் பக்கத்திலேயே, அதே அபாய வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இங்கே நேயர்கள் ஓர் ஆட்சேபணை கிளப்பலாம். "எங்கள் ஊரில் குரங்குத் தொல்லை தாங்கவில்லை. மல்லாட்டை விதைத்தால் முளைக்க விடுவதில்லை, ஓட்டைப் பிரிக்கிறது, கூடத்தில் நுழைந்து பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. அது குறைந்துபோகிறது என்று எழுதுகிறீர்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணிலாக் கொல்லைக்குக் காவல் இருந்து அலுத்துப்போன குடியானவனிடம் குரங்கின் பெருமையைப் பேசுவது சுலபமல்ல.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் பத்து வீடு எரிந்து, பத்து வீட்டாரும் சத்திரத்தில் வந்து தங்கினால், சத்திரத்தில் கூட்டம் பெருகிவிட்டது என்பது உண்மை. அதனால் ஊர் பெருகிவிட்டது என்று சொல்லுவோமா? நம் வாசலில் குரங்கு அதிகம் தெரிவது, அதன் வாசல் அடைபட்டுவிட்டதால். சத்திரத்தில் வேளாவேளைக்குச் சோறும் கிடைத்துவிட்டால், அங்கே குட்டிகளும் கூடுகின்றன, சச்சரவும் கூடுகிறது. பிறகு ஊரார் மனுக் கொடுக்கிறார்கள்; கூண்டு வைத்துப் பிடித்து எங்கேயோ ஒரு காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் காட்டில் தண்ணீர் எங்கே, பழமரம் எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது. அங்கே முன்பே குடியிருக்கும் கூட்டமும் சேர்க்காது. சில மாண்டு போகின்றன. சில அடுத்த கிராமத்துக்கு இறங்கிவிடுகின்றன. தொல்லை தீரவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

நீட்டிய கை

கர்நாடகத்தில் பண்டிப்பூர்க் காட்டின் வழியே போகும் சாலையில் குல்லாய்க் குரங்குகளைக் கவனித்துவந்த ஆராய்ச்சியாளர்கள் 2018-ஆம் வருஷத்தில் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டார்கள். வழிப்பயணிகளிடம் தீனி இருந்தால், அந்தக் குரங்குகள் மெல்லிய குரலில் கூவிக்கொண்டே கையை நீட்டுகின்றன. நாம் முகத்தைப் பார்க்கிறோமா என்று கவனிக்கின்றன. கொடுக்கும்வரை விடாமல் நீட்டுகின்றன. குரங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷையில் இல்லாத ஒரு சைகையை, மனிதரோடு பேசுவதற்கென்றே பழகிக்கொண்டிருக்கின்றன!

புத்திக் கூர்மையை மெச்சத்தான் வேண்டும். ஆயினும் அந்த நீட்டிய கையை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. காட்டையே விதைத்து வளர்த்த உழவன், நிலத்தை இழந்து சாலையோரத்தில் கை நீட்டும் காட்சி அல்லவா அது? நாம் பக்தியோடு கொடுக்கிறோம். அனுமாரின் குலம் என்று வாழைப்பழமும் பொரிகடலையும் போடுகிறோம். நம் எண்ணத்தில் குற்றமில்லை. விளைவில் இருக்கிறது. தீனி கிடைக்கும் சாலையில் உட்கார்ந்த குரங்கு மோட்டாரில் அடிபடுகிறது. கொடுத்துப் பழகிய கை ஒருநாள் கொடுக்காவிட்டால் கடிக்கிறது. கடிபட்டது குழந்தையானால் ரேபிஸ் ஊசிக்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. காகிதப் பையோடு பிளாஸ்டிக்கும் வயிற்றுக்குள் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கட்டில் வயிறு நிரம்பிய குரங்கு மலைமேல் நாவல் தின்னப் போவதில்லை. போகாதபோது விதையும் விழுவதில்லை. நாம் ஒரு பழம் கொடுத்து ஒரு மரத்தை விலைக்கு வாங்கிவிடுகிறோம்.

உடைந்த பாறை

பறவையின் துன்பம் வேறு விதமானது. அதற்கு யாரும் தீனி போட்டுக் கெடுப்பதில்லை. அது யார் கையிலும் வாங்காது. அதன் துன்பம், தன் பிடிவாதத்தினால் வருவது. பாறை வேண்டும், பாறைமேல் புதர் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அது இல்லை. வீடு கட்டவும் சாலை போடவும் நமக்குக் கருங்கல் ஜல்லி வேண்டியிருக்கிறது. அதற்காக ஒரு குன்றை வெடிவைத்து உடைத்தால், குரங்குக்கு ஊர் என்ற புகலிடமாவது உண்டு. சின்னானுக்கு அடுத்த குன்றுவரை சமவெளி என்னும் கடல்தான். கோடையில் சரிவுகளில் தீ வைப்பதும் தீ பரவுவதும் அதன் வீட்டையும் உக்கிராணத்தையும் ஒருங்கே எரிக்கும் காரியம். விறகுக்கும் ஆட்டுத் தழைக்கும் புதர் மொட்டையடிக்கப்படுவதும் அப்படியே.

"முட்புதர்தானே!" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சர்க்கார் கணக்கில் தரிசு என்றும், நம் பேச்சில் கரடு என்றும் பெயர் பெற்ற இந்த இடங்கள் பயனற்றவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மஞ்சள் தொண்டைச் சின்னானைக் கேட்டால், தரிசு என்பது எது, விளைநிலம் என்பது எது என்று வேறு பதில் சொல்லும்.

ஒன்று எல்லாவற்றுக்கும் இணங்கிப்போய்க் கெடுகிறது. மற்றொன்று எதற்கும் இணங்காமல் கெடுகிறது. இதுவே இவ்விரு குடிகளின் கதை. பழகிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுகிறவர்களுக்குக் குரங்கு ஒரு பதில். ஒதுங்கியிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுகிறவர்களுக்குச் சின்னான் ஒரு பதில். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: மரமும் புதருமாக அந்த மலை, மலையாகவே இருக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

சட்டம் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குரங்கைத் துன்புறுத்துவதும் அனுமதியின்றிப் பிடிப்பதும் குற்றம். ஆனால் சட்டம் காவற்காரன்தான், வீட்டுக்காரன் நாம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் வந்த பிறகு செஞ்சிக்குப் போகிறவர்களின் தொகை கூடத்தான் செய்யும். கூட வேண்டியதும் நியாயமே. நம் முன்னோர் கட்டிய மதிலை நாம் பார்க்காமல் யார் பார்ப்பது? போகும்போது சில காரியங்களை நினைவில் வைத்தால் போதும். குரங்குக்குத் தீனி கொடுக்கக் கூடாது. பலகாரப் பையைக் கையில் வீசிக்கொண்டு போகக் கூடாது. கொண்டுபோன காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குரங்குக்கு ஏதேனும் செய்தே தீர வேண்டும் என்ற பக்தி உள்ளவர்கள், தங்கள் ஊர் ஏரிக்கரையிலோ கோயில் நிலத்திலோ ஓர் ஆலங்கன்றும் ஒரு நாவற்கன்றும் நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்றட்டும். ஒரு சீப்புப் பழம் ஒரு வேளைக்கு; ஓர் ஆலமரம் பல தலைமுறைக்கு.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டைக்குச் சிறுவர்களை அழைத்துப் போகும்போது ராஜாக்களின் வருஷங்களைச் சொல்லிக் கொடுங்கள். கூடவே, கால் மணி நேரம் அவர்களை ஒரு புதரருகே மௌனமாக உட்கார வையுங்கள். சரித்திரப் பரீட்சையில் அதற்கு மார்க்கு கிடையாதுதான். ஆனால் ஜெர்டன் எழுதி வைத்த பறவையைத் தன் கண்ணால் கண்ட சிறுவன் ஒருவன் அங்கே கிடைத்தாலும், அந்தக் குன்றுக்கு ஒரு காவற்காரன் கிடைத்தான் என்று அர்த்தம்.

படிக்கட்டில் ஏறும்போது, "அப்பா, குரங்கு கை நீட்டுகிறதே, ஏதாவது கொடுக்கலாமா?" என்று குழந்தை கேட்கும். "வேண்டாம், கண்ணு. அதற்கு மேலே பழம் இருக்கிறது. அது போய்ப் பறித்துக்கொள்ளும்" என்று நாம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அந்த வார்த்தை உண்மையாக இருக்கும்படி, மேலே பழமும் பழத்தை விதைக்கும் பறவையும் இருக்கச் செய்வது நம் பொறுப்பு.